மாடிக்கும் தரைக்கும் நடுவே ஒயர் அக்கா

கதவைத் திறந்தவர் வாயைத் திறப்பதற்குள் ஒயர் அக்காவின் கண் ரூட்டரைத் தேடிப் போய்விடும். அலமாரி மேல் இருக்கிறதா, டிவிக்குப் பின்னால் இருக்கிறதா, அழகு கெட்டுவிடும் என்று பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்களா? கண்டுபிடித்ததும் முன்னால் போய் நின்று விளக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவார். அதற்குள் வீட்டுக்காரர், "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு, நாங்க ஒண்ணுமே பண்ணல" என்று ஆரம்பித்திருப்பார்.

"ஒண்ணும் பண்ணாம ஒண்ணும் ஆகாதுங்க" என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

வயது நாற்பத்தாறு. இணையம் வராத கம்ப்யூட்டர்களையும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றையொன்று கண்டுகொள்ளாத கம்ப்யூட்டர்களையும் வழிக்குக் கொண்டுவருவது அவருடைய பிழைப்பு. தோளில் ஒரு பை. அதற்குள் சுருட்டிய ஒயர்கள், ஒயரை நறுக்கிக் கடிக்கும் இடுக்கி, ஒரு சின்ன டார்ச். மேஜைக்கடியில் தவழும்போது டார்ச்சை வாயில் கடித்துக்கொள்வார். அப்போதும் பேச்சை நிறுத்த மாட்டார். பாதி புரியாது. புரியாத பாதி பெரும்பாலும் திட்டாகத்தான் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் முக்கியமான ஒயரில் ஒரு சீட்டு ஒட்டுவார்: 'இதைப் பிடுங்கும் முன் என்னைக் கூப்பிடவும்.' அத்தோடு விட்டால் பரவாயில்லை. மதியம் சாப்பிட உட்காரும்போது, போன மாதம் போன வீடு ஒன்று நினைவுக்கு வந்துவிடும். எச்சில் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் போன் போடுவார். "அன்னிக்கு சொருகின ஒயரு அப்படியேதான் இருக்கா? யாரும் தொடலையே?" எதிரில் உட்கார்ந்திருக்கும் கணவர், "உன் தட்டுல இருக்கறதையும் யாரும் தொடல, அதையும் கொஞ்சம் பாரு" என்பார். தங்கள் சொந்த வீட்டு இணையம் பத்து நாளாக விட்டு விட்டு வருவதைப் பற்றி அவர் பேச்செடுப்பதில்லை. எடுத்தால் அக்கா நடுராத்திரியில் சுவரைத் துளைக்கத் தொடங்கிவிடுவார்.

தூக்கத்தில்கூட கால் ஆடும் பிறவி. ஆனால் தொழிலில் ஒரு விரதம் உண்டு. "ஒண்ணை மாத்து, ஒண்ணைப் பாரு. ரெண்டை மாத்தினா எது காரணம்னு செத்தாலும் தெரியாது." அவசரத்தில் பிறந்தவருக்கு இந்த ஒரு விதியைக் கட்டிக் காப்பதே பெரும்பாடு. விரல்கள் அடுத்த ஒயருக்குத் தாவும். மறுகையால் அதைப் பிடித்துக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவரைக் கூப்பிட்ட வீட்டில் இரண்டு தளம். கீழே அண்ணன், மாடியில் தம்பி. வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது இருவருக்கும் கூட்டுத் தொழில். அண்ணன் மனையை அளந்து வந்து கோடு போடுவார். தம்பி அதை எடுத்துச் செங்கல் எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று கணக்குப் போடுவான். வேலை முழுக்க அண்ணனுடைய கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்கும். தம்பி மாடியிலிருந்தபடியே அதைத் திறந்துகொள்வான். பதினோரு வருஷமாக நடந்த ஏற்பாடு.

"பிரிச்சு விட்டுடுங்க" என்றார் அண்ணன், கதவைத் திறந்ததுமே. "மேல தனி லைன், கீழ தனி லைன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே வேணாம்."

அக்காவின் விரல் ரூட்டர் விளக்குகளின் மேலேயே நின்றது. இந்த வீட்டில் யாரும் 'நாங்க ஒண்ணும் பண்ணல' என்று சொல்லவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

"ஏன் சார்?"

"அதை மேல இருக்கறவர்கிட்ட கேளுங்க."

அக்கா படியேறினார். மேலே இருந்தவன் நாற்காலியைத் திருப்பாமலே பேசினான். "ஒம்பது நாளா ஃபோல்டரைப் பூட்டி வெச்சிருக்காரு. ஒரு பெரிய வேலையை நான் தனியா எடுத்துப் பண்ணட்டுமான்னு சாப்பிடும்போது கேட்டேன். கேட்டது தப்பு. மறுநாள் சாயங்காலத்திலேருந்து திறக்கல. வாயால சொல்லியிருக்கலாம்ல, போடான்னு?"

அக்கா இறங்கினார். "நான் எதுக்குப் பூட்டறேன்?" என்று அண்ணன் குரலை உயர்த்தினார். "அவன்தான் தனியாப் போகணும்னான். அன்னியிலேருந்து ஒரு ஃபைலையும் தொடல. சரி, போகட்டும்னு விட்டுட்டேன். அவன்கிட்டயே கேளுங்க, நான் பூட்டினேனான்னு."

மறுபடி ஏறினார். படிகள் பதினாறு. மூன்றாவது நடையிலேயே முழங்கால் முனகத் தொடங்கிவிட்டது. பையில் போன் அதிர்ந்தது. அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள். 'கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போயேன், உனக்கென்ன' என்று ஒரு மனம் நச்சரித்தது. ஒயரைப் பிடுங்கிப் புது லைனுக்கு எழுதிக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அக்கா போனை அணைத்துப் பைக்குள் ஆழத்தில் தள்ளினார்.

"ஒரு தடவை ஃபோல்டரைத் திறங்க. என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்."

தம்பி அழுத்தினான். வட்டம் சுற்றியது, சுற்றியது. பிறகு திரையில் ஒரு கட்டம் வந்தது. அதைப் படிக்காமலே மூட அவன் கை போனது. ஒன்பது நாளாக அப்படித்தான் மூடியிருக்கிறான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"படிங்க சார்."

"கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை..."

"பூட்டியிருந்தா 'உனக்கு அனுமதி இல்ல'ன்னு சொல்லும். இது அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லங்குது. உங்கண்ணன் பூட்டல. உங்க மிஷினுக்கு உங்கண்ணன் இருக்கறதே தெரியல."

தம்பி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா அந்தக் கம்ப்யூட்டருக்கு ரூட்டர் கொடுத்திருந்த எண்ணைப் பார்த்தார். தாவிக் கீழே போய் அண்ணனுடையதைப் பார்த்தார். ஒரே ரூட்டரில் இருக்கும் கருவிகளுக்கு எண்ணின் முன்பாதி ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் வேறு வேறு. அப்படியென்றால் வீட்டுக்குள் இன்னொரு ரூட்டர் எங்கேயோ உட்கார்ந்து தனிக்குடித்தனம் நடத்துகிறது.

மறுபடி மேலே ஏறி, தம்பியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது துணி அலமாரிக்குப் பின்னால் நுழைந்தது. டார்ச்சைக் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். புத்தம்புதிய வெள்ளைப் பெட்டி ஒன்று, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இதை யாரு வெச்சது?" டார்ச்சை எடுத்துவிட்டுத்தான் கேட்டார், தெளிவாகவே கேட்டது.

தம்பி உதட்டைப் பிதுக்கினான். அக்கா கேள்வியோடு கீழே இறங்கினார். அண்ணன், "எனக்குத் தெரியாது, அவன்தான் தனியா எதையாவது வாங்கியிருப்பான்" என்றார். அக்காவின் காதில் அது முழுதாக விழவில்லை. சமையலறை வாசலில் அண்ணனின் மனைவி, தம்பிக்கு அண்ணி, நின்றிருந்தார். கையில் ஈரத் துணி. முகத்தில் ரத்தமே இல்லை.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லவும் நா துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒயர் சுருட்டு ஒன்றைக் காரணமே இல்லாமல் அவிழ்த்துச் சுருட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"நான்தான்" என்றார் அண்ணி கடைசியில். "அன்னிக்கு ரெண்டு பேரும் சாப்பாட்டுல சண்டை போட்டீங்களே. மறுநாள் மேல நெட்டு விட்டு விட்டு வருதுன்னு தம்பி புலம்பிட்டிருந்தாரு. அதையாவது சரி பண்ணிக் கொடுத்தா கோவம் தணியும்னு நினைச்சேன். கடைக்காரர் சொருகினாப் போதும்னாரு. சொருகினேன். நெட்டு நல்லா வந்துச்சு. இதுனாலதான் இவ்வளவும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் எதுவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"அம்மா வாங்கினது நல்ல பெட்டி. சொருகின ஓட்டைதான் தப்பு. அங்க சொருகினா அது தனி வீடுன்னு நினைச்சுக்கும். பக்கத்து ஓட்டையில சொருகினா இதே வீட்டோட இன்னொரு ரூம்னு நினைச்சுக்கும். என் தொழில்ல இருக்கறவங்களே இதுல சறுக்குவாங்க. நானே சறுக்கியிருக்கேன்."

"அப்ப பிரிக்க வேணாமா?" என்று கேட்ட அண்ணி, பதிலுக்குக் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "முதல்ல தெரியுதான்னு பாக்கச் சொல்லு" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அக்கா பதினாறு படியையும் எட்டாக்கி ஏறினார். ஒயரை இடம் மாற்றினார். ஒண்ணை மாத்து. தம்பி அழுத்தினான். வட்டம் சுற்றியது. அதே கட்டம்.

"பாத்தீங்களா?" என்றான் தம்பி. குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

அக்காவின் கழுத்தில் வேர்வை இறங்கியது. ஐந்து விரலும் ஐந்து திசையில் பறந்தன; அடக்கினார். அடுத்த ஒன்று: இரண்டு பெட்டியும் போட்டி போட்டு எண் கொடுத்துக்கொண்டிருந்தன, புதியதை அந்த வேலையிலிருந்து நிறுத்தினார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். எண் சரியாக வந்துவிட்டது. ஃபோல்டர் மட்டும் வரவில்லை. அறைக்குள் நாலடி நடந்தார், நாலடி திரும்பினார், ஜன்னல் கொண்டியைத் திறந்து மூடினார். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"புதுப் பெட்டி வந்த அன்னிக்கு, 'இது வெளியிடமா, வீடா'ன்னு ஒரு கேள்வி கேட்டுச்சா?"

தம்பி யோசித்தான். "ஏதோ கேட்டுச்சு. கோவத்துல எதையோ அழுத்தினேன்."

"வெளியிடம்னு அழுத்தியிருக்கீங்க. அதான் உங்க மிஷின் பக்கத்து மிஷினைப் பாக்காம இன்னும் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. நீங்களே மாத்துங்க."

தம்பி அமைப்புகளுக்குள் போனான். இரண்டு வட்டங்கள் இருந்தன. 'வீடு' என்பதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு அழுத்தினான்.

அக்கா அதற்குள் அறையை விட்டு ஓடிவிட்டார். "சார், ஃபோல்டர்ல புதுசா ஒண்ணு போடுங்க, எதுன்னாலும் பரவாயில்ல!" என்று கீழ்நோக்கிக் கத்திக்கொண்டே படியில் பாதி இறங்கி நின்றார். இங்கிருந்து இரண்டு பக்கத்துக்கும் சேதி சொல்லலாம். மேலே நாற்காலி கிறீச்சிட்டது. கீழே விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது, நின்றது.

"போட்டாச்சு" என்றார் அண்ணன். கொஞ்சம் பொறுத்து, முன்னைவிடச் சத்தமாக, "டேய், தெரியுதாடா?"

'தெரியுதான்னு கேக்கறாரு' என்று மேலே சொல்ல அக்கா வாயைத் திறந்தார். சொல்லாமல் மூடிக்கொண்டார். பையை நெஞ்சோடு அணைத்து, யாரோ இறங்கி வருவதற்கு வழிவிடுகிறவர்போல, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.