சட்டை வாசம்

என்னோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் கடைசித் தம்பிக்கு இரண்டாவதாகப் பிறந்தவன் இவன். பதினாறு வயதில் பேக்கரி அடுப்படிக்குப் போனவன், பத்தொன்பது வருஷம் அங்கேயே வெந்தான். குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் 'ரொட்டி'தான். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பலருக்கு அவன் நிஜப் பெயரே தெரிந்தது.

ஒரே மகள், எட்டு வயசு. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. மத்தியானம் அப்பா வந்ததும் சட்டையில் மூக்கைப் புதைப்பாள். அன்றைக்கு அடுப்பிலிருந்து என்ன இறங்கியது என்று சொல்லிவிட்டுத்தான் விடுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

"பன்னு. அப்புறம் வெண்ணெய் பிஸ்கட்டு. அதைக் கொஞ்சம் கருக விட்டுட்டீங்க."

"அடிப்பாவி, முதலாளி காதுல போட்டுடாதடி!"

கொரோனா வந்தபோது மூன்று பேருமே படுத்தார்கள். இவனும் பெண்டாட்டியும் இருமி இருமி ஓய்ந்தார்கள். பிள்ளைக்கு இரண்டே நாள் காய்ச்சல். சின்னப் பிள்ளைகளுக்கு லேசாகத்தான் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளுக்கு எந்த வாசமும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் மூக்கு திரும்பியது. திரும்பாமலே இருந்திருக்கலாம். ரொட்டி செத்த எலி மாதிரி நாறுகிறது என்றாள். வதக்கிய வெங்காயம், சோப்பு எல்லாமே அப்படித்தான். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். பள்ளிக்கூடச் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள். வீம்பு என்று நினைத்து இவன் ஒரு நாள் அதட்டி ஊட்டினான். அவள் எடுத்த வாந்தியைத் துடைத்தவனும் அவனேதான்.

டாக்டரம்மா வாசனைத் தைலம் ஊற்றிய நான்கு சின்னச் சீசாக்களைக் கொடுத்து, மூக்கு பழையபடி பழக இரண்டு வேளையும் முகரச் சொன்னார். "சில பிள்ளைங்களுக்குச் சரியாகுது. எப்பன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார்.

"உங்க உடம்புல ஊறின வாடைதாங்க அவளுக்கு ஆகல" என்று பெண்டாட்டி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மறுவாரமே இவன் அடுப்பை விட்டு, தரை ஓடு கிடங்கில் சுமை தூக்கப் போய்விட்டான். பழைய சட்டைகளையெல்லாம் எரித்தான். வேலை முடிந்ததும் கிடங்குக் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவான்.

"பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதீங்க அத்தை. தன்னாலதான் பேக்கரியை விட்டேன்னு மனசுல போட்டுக்குவா" என்று என்னிடம் சொல்லி வைத்தான்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒன்றும் மாறவில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அவளாகவே வந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, கிடங்கில் மாற்றிக்கொண்டு வந்த அவன் சட்டையில் மூக்கைப் புதைத்தாள்.

"பன்னு... அப்புறம் வெண்ணெய் பிஸ்கட்டு. சரியாப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"சரிதாம்மா. ஒண்ணுகூடத் தப்பல."

சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அப்படியும் அவள் ஓங்கரிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. சாயங்காலத்து நான்கு சீசாக்களோடு வந்த பெண்டாட்டி, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.