ஹரிணி எழுதிய ஷிஃப்ட் நோட்டு

நூற்று அறுபத்து மூன்று வீடுகள். ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளி ஒன்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் அத்தனை. அந்த நூற்று அறுபத்து மூன்று கதவுகளையும் ஒருமுறையாவது தட்டியவள் பொற்கொடி. எந்த வீட்டில் யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட், எந்த வீட்டில் தெலுங்கு, எந்த வீட்டில் கன்னடம், எந்த வீட்டில் கையைக் காலை ஆட்டினால்தான் விஷயம் புரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முப்பத்தேழு வயது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தவள். கணவன் அண்ணாதுரைக்கு இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். பொற்கொடிக்குக் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, மறு வாரம் இரண்டிலிருந்து பத்து. ஒரே மகள் ஹரிணி.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியர் ராஜசேகர் மூன்று தடவை கேட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லோருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம். ஜன்னலுக்கு வெளியே நின்ற ஹரிணி மட்டும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். சும்மா இரு என்று சைகை காட்டத்தான் பொற்கொடி கையை உயர்த்தினாள். ராஜசேகர் உடனே கைதட்டிவிட்டார்.

அதுவரை ஆண்டு விழாவுக்கு நாற்பது பேர் வந்தால் பெரிது. காலை பதினொன்றுக்கு வைத்தால் யார் வருவார்கள்? பொற்கொடி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். அவள் படித்தது எட்டாவது வரை. எழுத்து கோணலாக வரும். ஆகவே அவள் சொல்லச் சொல்ல ஹரிணி எழுதினாள். வீட்டு எண், அம்மா ஷிஃப்ட், அப்பா ஷிஃப்ட், பேசுகிற மொழி என்று கட்டம் போட்டு. முதல் வரி அவர்கள் வீடு. அம்மா பொற்கொடி, அப்பா அண்ணாதுரை, பிள்ளை ஹரிணி.

"நம்ம வீட்டுக்கு எதுக்குடி நோட்டு? நாந்தான இருக்கேன்?"

"நீயும் ஒரு பேரண்ட்ஸ்தான? உன்னையும் கூப்பிடணும்ல. அப்புறம் கூப்பிடலன்னு கோச்சுக்குவ."

நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, முதல் ஷிஃப்ட்காரர்கள் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கிளம்பத் தோதாக மாலை மூன்றரைக்கு விழாவை வைக்கச் சொன்னாள் பொற்கொடி. இரண்டாவது ஷிஃப்ட்காரர்களுக்கு ஆள் மாற்றிவிடவும் அவளே அலைந்தாள். அந்த வருடம் நூற்று முப்பத்தொரு வீடுகளிலிருந்து வந்தார்கள். ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிற வெங்கடப்பன் ஒரு கட்டுப் பூவோடு வந்து, "தலைவரம்மா, நீங்க கவுன்சிலருக்கு நில்லுங்க. டெபாசிட்டுக்கு நான் காரண்டி," என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைகளுக்கு முழு வருகைப் பரிசு கொடுப்பது அந்தப் பள்ளியில் குழுத் தலைவரின் வேலை. ஆறாம் வகுப்பு ஹரிணிக்கு அம்மா கையாலேயே எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. போட்டோவுக்கு நிற்கும்போது, "சிரிம்மா, கம்பெனி ஐடி கார்டு மாதிரி நிக்காத," என்று ஹரிணி முணுமுணுத்தாள். அந்த டிபன் பாக்ஸில்தான் பொற்கொடி கம்பெனிக்குச் சோறு கொண்டுபோனாள்.

போன நவம்பரில் ஹரிணிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பத்தாவது நாள் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வழியாக ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்கள். அவசரமே இல்லாமல் வந்த ஆம்புலன்ஸ்.

பொங்கல் கழிந்த வாரம் ராஜசேகரும் குழுவின் துணைத் தலைவர் ஷரீஃபுன்னிசாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஷரீஃபுன்னிசாவின் கணவருக்குப் பழமண்டி. அவள் மகள் சானியாவும் ஹரிணியும் ஒரே பெஞ்ச். பிப்ரவரி இருபது, வெள்ளிக்கிழமை, ஆண்டு விழா என்று சொல்லிவிட்டு ராஜசேகர் தரையைப் பார்த்தார்.

"நீங்கதாம்மா தலைமை. வரணும்."

"வீடு வீடா யார் போறது சார்?" என்று கேட்டாள் பொற்கொடி. இரண்டு மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. ஷரீஃபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணாதுரைக்குப் பிடிக்கவில்லை. "போகாத பொற்கொடி. நீ போறத அவங்க பாப்பாங்க. திரும்பி வர்றத நாந்தான் பாக்கணும்."

"வீட்டுல உக்காந்து செவத்தப் பாக்கச் சொல்றீங்களா?"

அவன் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். போன வருடம் வாசலிலேயே வாயாடிய வீடுகள் இப்போது தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சில்லாமல் நின்றன. வெங்கடப்பன் அவளைக் கண்டதும் உள்ளே போய், மனைவியை அனுப்பிவிட்டார். கன்னடக்கார வீட்டுப் பெண் ஒருத்தி "பர்த்தீனக்கா, பர்த்தீனி" என்று வருவதாக இரண்டு தடவை சொல்லி அவள் கையை விடவேயில்லை. பொற்கொடியின் கம்பெனியிலேயே வேலை செய்கிற நாகம்மாள் மட்டும் சாதாரணமாகப் புலம்பினாள்.

"எனுக்கு அந்த வாரம் செகண்டு ஷிஃப்ட்டுக்கா. பையன் அஸ்வின் சிலம்பம் சுத்தறான், வந்தே ஆவணும்னு நிக்கறான். லைன் லீடரைக் கேட்டா, மாத்தி வர ஆளு குடு, அப்பறம் போங்கறா. நான் எங்க போவறது ஆளுக்கு?"

"நான் பாக்குறேன் நாகு," என்றாள் பொற்கொடி. அப்படிப் புலம்பியதற்காகவே அவளைப் பிடித்திருந்தது.

புதிதாகக் குடிவந்த வீடு ஒன்றில், சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த சின்னப் பெண். அவளுக்கு எதுவும் தெரியாது.

"ஒங்க பொண்ணு எத்தனாவதுக்கா?"

"ஏழாவது," என்றாள் பொற்கொடி.

"பேரு?"

"ஹரிணி."

தெருமுனை வரை வந்த பிறகுதான் நின்றாள். பொய் சொன்னது தப்பில்லை. சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததே, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஜனவரி கடைசிப் புதன்கிழமை அழைப்பிதழ் விஷயமாகப் பள்ளிக்குப் போனாள். அந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட், காலை சும்மாதான் இருந்தது. ராஜசேகர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் வராந்தாவில் நின்றாள். பக்கத்து அறை ஏழாம் வகுப்பு. வகுப்பாசிரியை பயிற்சிக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார். அந்த வாரம்தான் சேர்ந்திருந்த தற்காலிக ஆசிரியை ஒருவர் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சானியா."

"உள்ளேன் மிஸ்."

"ஹரிணி."

சத்தமில்லை.

"ஹரிணி யாரு? வரலையா?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சானியா எழுந்தாள். "வரல மிஸ்."

ஆசிரியை பக்கத்தைப் புரட்டினார். "என்னது இது, மாசக்கணக்கா வரல? இப்படி லீவு போட்டா எப்படி? யார் வீட்டுப் பக்கத்துல இருக்கா இந்தப் பொண்ணு? அவங்கம்மாவ நாளைக்கு வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்று பொற்கொடியைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆசிரியையும் திரும்பினார்.

"நீங்க யாரும்மா?"

பொற்கொடி நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனாள்.

"பேர எடுக்கலியா சார்?"

ராஜசேகர் போனை வைத்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "எடுத்திருக்கணும்மா. நவம்பர்லயே எடுத்திருக்கணும்."

"அப்புறம் ஏன் சார்?"

"எடுத்தா அன்னிக்கே நீங்க கமிட்டியில இல்ல. இங்க படிக்கிற பிள்ளையோட அம்மா அப்பாதான் தலைவரா இருக்க முடியும். ஆண்டு விழா முடியட்டும்னு இருந்துட்டேன். உங்ககிட்ட லெட்டர் கேட்கவும் எனக்கு வாய் வரல."

அழைப்பிதழ் மாதிரியோடு அப்போதுதான் உள்ளே வந்த ஷரீஃபுன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாரைச் சொல்லாதக்கா. நான்தான் கெஞ்சனேன். நீ வீட்லயே உக்காந்துகினு இருந்தா என்னா ஆவறது? இங்க வந்தா நாலு முகத்தைப் பாப்ப, நாலு வேலை இருக்கும். பேப்பர்ல ஒரு பேரு. யாருக்கு என்னா நஷ்டம்?"

"பதிவேட்டக் காட்டுங்க சார்."

ராஜசேகர் தயங்கினார். பிறகு பக்கத்து வகுப்பிலிருந்து வாங்கிவரச் செய்தார்.

நவம்பர் பத்தாம் தேதி வரை ஹரிணி பெயருக்கு நேராக நீல மையில் ஒரே மாதிரிக் கோடுகள். அதற்கப்புறம் எல்லாம் சிவப்பு. பொற்கொடி விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தாறு.

"இவ லீவு போடுற பிள்ள இல்ல சார்."

"தெரியும்மா."

"அம்மை போட்டதுகூட மே மாச லீவுலதான் போட்டுச்சு. மழையில பஸ் இல்லன்னா நடந்தே வருவா. இவ பேருக்கு நேரா இத்தன செவப்பா?"

"அக்கா, இன்னும் இருவத்திமூணு நாளு. பொறுத்துக்கோக்கா," என்றாள் ஷரீஃபுன்னிசா.

பொற்கொடி பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த வாசலுக்குள் வர அவளுக்கு இருந்த ஒரே உரிமை அந்தப் பெயர்தான். அது போய்விட்டால் அவள் குழுத் தலைவரும் இல்லை, பெற்றோரும் இல்லை. ரோட்டில் போகிற ஒரு பெண். மேடையேறி நிற்க வேண்டும், பரிசைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதற்காகத்தான் தெருத்தெருவாக நடந்தாள். அது அவளுக்கே தெரியாமல் இல்லை.

"இந்தச் செவப்ப அழிக்க முடியுமா சார்?"

"இறந்த தேதியிலேர்ந்து நீக்கச் சொல்லி லெட்டர் குடுத்தா, அதுக்கப்புறம் இருக்கிறது எதுவும் கணக்குல வராது. ஆஸ்பத்திரியில இருந்த ஏழு நாள் மட்டும் நிக்கும்."

"அது நிக்கட்டும். நெசமாவே முடியாமத்தான கெடந்தா." பொற்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தாள் குடுங்க சார்."

"நான் எழுதறேன்மா, நீங்க கையெழுத்து மட்டும்..."

"வேணாம் சார். இத்தன நாளா எனக்கு எல்லாத்தையும் அவதான் எழுதிக் குடுத்தா. இத நானே எழுதுறேன்."

கோணல் எழுத்தில் நான்கு வரி. என் மகள் ஹரிணி நவம்பர் பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டபடியால் அன்று முதல் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'இறந்துவிட்டபடியால்' என்ற சொல்லை இரண்டு தடவை அடித்துத் திருத்தினாள். ராஜசேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; துடைத்துக்கொண்டேயிருந்தார்.

வெளியே வந்ததும் நோட்டை ஷரீஃபுன்னிசாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா. நீயே வச்சிக்கோ. அது அவ எழுத்துக்கா."

"வச்சிக்கிட்டு என்ன செய்ய? பாத்துப் பாத்து அழவா? இன்னும் முப்பத்தெட்டு வீடு பாக்கி இருக்கு. மாசத்துக்கு நாலு வீடு காலி பண்ணும், நாலு வீடு வரும். சானியாவ எழுதச் சொல்லு, கட்டத்தை விட்டு வெளிய போகாம." பொற்கொடி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "முதல் வரியக் கிழிச்சிராத. அடிச்சும் விட்டுராத. சும்மா தாண்டிப் போ."

ஷரீஃபுன்னிசா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். பொற்கொடிக்கு அழுகை வரவில்லை. ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தற்காலிக ஆசிரியை எழுந்து நின்று எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பொற்கொடி அவரைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் கையை அசைத்துவிட்டு, இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு டிபன் பாக்ஸில் சோறு கட்ட வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை கூடிய குழு ஷரீஃபுன்னிசாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சனிக்கிழமை அவள் பெயரோடு அழைப்பிதழ் அச்சுக்குப் போனது. திங்கட்கிழமை பொற்கொடி லைன் லீடரைப் பார்த்து, நாகம்மாளுக்கு மாற்று ஆள் தான்தான் என்று பெயர் கொடுத்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி மாலை மூன்றரைக்கு ஆண்டு விழா. நாகம்மாள் போகிறாள். பொற்கொடிக்கு அன்று இரண்டிலிருந்து பத்து வரை வேலை.