இசக்கியம்மாளின் மிச்ச சர்வீஸ்

புற்றுக்கட்டியை அறுத்தெடுத்த பிறகு இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்து முடித்தபோது இசக்கியம்மாளின் இடது மார்பு, அடுப்பில் சுடப்போட்டு மறந்த கத்தரிக்காய் மாதிரி கருத்துப் போயிருந்தது. டாக்டர்கள் அதை ரேடியேஷன் என்பார்கள். ஜனங்களுக்கு அது கரண்ட் வைப்பதுதான். மார்பின் அடிமடிப்பிலும் அக்குளிலும் தோல் உரிந்து சிவந்த சதை தெரிந்தது, நீர் கசிந்தது. ரவிக்கை போட முடியவில்லை. கையைத் தொங்கவிட்டால் உரசும், தூக்கினால் கடுக்கும். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, யாரோடோ சண்டைக்கு நிற்கிறவள் போலவே மூன்று வாரம் வீட்டுக்குள் நடந்தாள்.

கடைசி நாளன்று டாக்டர் தேவயானி உட்காரவைத்து நிதானமாகச் சொல்லித்தான் அனுப்பினார். சோப்பு கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, களிம்பு தடவி, பழைய பருத்தித் துணியைத் தளர்வாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சின்ன மஞ்சள் மாத்திரை.

"உங்க கட்டி ஹார்மோனைத் தின்னு வளர்ற ஜாதிம்மா. இந்த மாத்திரை அதுக்குச் சோறு கிடைக்காமப் பண்ணிடும். தினம் காலையில பலகாரம் சாப்பிட்டதும் ஒண்ணு. அஞ்சு வருஷம். ஒரு நாள் கூட விடக் கூடாது."

"சரிங்கம்மா" என்றாள் இசக்கியம்மாள். சரி என்று சொன்னவள் மறுநாள் காலை இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கியெடுத்து, கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய் சாக்கடைக் கம்பியில் போட்டு, ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

பைத்தியமா என்று கேட்பீர்கள். பைத்தியம் இல்லை. அவளுக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நெய்வேலியில் இருக்கிறவர்களுக்குத்தான் தலையில் ஏறும்.

இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வெள்ளைச்சாமியைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தாள். வெள்ளைச்சாமிக்கு மைன்ஸில் வேலை, பர்மனென்ட். மகன் செங்குட்டுவனுக்கு ஐந்து வயதாகும்போது ஒரு நைட் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. சர்வீஸில் இருக்கும்போது செத்ததால், கருணை அடிப்படையில் இசக்கியம்மாளுக்கு வேலை கொடுத்தார்கள். அட்டெண்டர் வேலை. பத்தொன்பதாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ். புருஷன் செத்த வீட்டில் அடுப்பு அணையாமல் எரிந்ததற்கு அவன் செத்ததே காரணம் என்பதை அவள் எந்தக் காலத்திலும் மறந்ததில்லை.

அதைவிடப் பெரிய கூத்து, அவளைப் போட்ட செக்ஷன். செத்தவர்களின் வாரிசுகள் வேலை கேட்டுக் கொடுக்கிற மனுக்கள் எல்லாம் அங்கேதான் வரும். ஆபீசில் அவற்றுக்கு 'டெத் கேஸ்' என்று பெயர். இருபத்தாறு வருஷமாக அந்த ஃபைல்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனது அவள்தான். எந்த ஃபைல் நகரும், எது தூசி தின்னும் என்று பெரிய ஆபீசருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ரிட்டயர் ஆகி மறுநாள் செத்தாலும் ஃபைல் கிடையாது. ரிட்டயர் ஆவதற்கு முந்தின நாள் செத்தால் உண்டு. அவ்வளவுதான்.

அந்த செக்ஷன் கிளார்க் அருண்குமார் வாய் சும்மா இருக்காது. "பர்மனென்ட்காரன்னா யானை மாதிரிக்கா. இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வான். அவளுக்குக் கட்டி என்று தெரிவதற்கு முன்னால் சொன்ன பேச்சு அது. தெரிந்த பிறகு ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவள் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மகனுக்கு முப்பத்தொரு வயது. டிப்ளமோ படித்துவிட்டு மைன்ஸ் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்டில் நிற்கிறான். ஒன்பது வருஷம். இன்றைக்குப் பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று இலவு காத்த கிளியாகவே இருந்து மயிர் நரைக்கத் தொடங்கிவிட்டது. மூன்று இடத்தில் பெண் கேட்டார்கள். பெண்வீட்டார் மூன்று பேரும் காபியைக் கொடுத்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்கள்: "பர்மனென்ட் ஆனதும் சொல்லியனுப்புங்க." இசக்கியம்மாள் ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் எட்டு மாசம் இருந்தது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, கல்யாணம் ஆகாத மகனும் வேலை இல்லாத தாயும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இப்போது தெரிகிறதா அவள் கணக்கு? நோய் தானாக வந்திருக்கிறது. அதை ஏன் தடுக்க வேண்டும்? அப்பன் செத்து அம்மாவுக்குக் கொடுத்தான், அம்மா செத்து மகனுக்குக் கொடுக்கட்டும். தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று யாரும் பேச முடியாது. ஒரு மாத்திரையை விழுங்காமல் இருப்பது, அது போதும். இப்படி நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் மகனுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்றிருந்த பாரம் இறங்கி, மனசு லேசாகக்கூட இருந்தது.

ஆனால் உடம்பு கேட்க வேண்டுமே. சாகத் துணிந்தவளுக்கு அக்குள் எரிச்சல் பொறுக்கவில்லை. காலையில் மாத்திரையைச் சாக்கடையில் போடுவாள். கையோடு உள்ளே வந்து, தண்ணீரை விளாவி ஒற்றியெடுத்து, டாக்டர் சொன்னது பிசகாமல் களிம்பு தடவுவாள். செங்குட்டுவனின் பழைய பனியனைக் கத்தரித்து மடிப்புக்குள் வைத்துக்கொள்வாள். மூன்றாவது வாரம் கசிவு நின்றது. நாலாவது வாரம் கருத்த தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி புதுத்தோல். குளியலறைக் கண்ணாடியில் அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. கெட்டுப் போ என்று விட்டால் இது என்ன இப்படித் துளிர்க்கிறது என்று அதையே திட்டினாள். பிறகு டூட்டியில் சேர்ந்துவிட்டாள்.

மூன்று மாசம் கழித்து செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி புதுச்சேரியில். பஸ்ஸில் ஷம்சாத் துணை. மந்தாரக்குப்பத்தில் அவள் புருஷன் ஜியாவுதீன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். இருபத்தைந்து நாளும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பெஞ்சில் காத்திருந்து கரண்ட் வைத்துக்கொண்டவர்கள். ஷம்சாத்துக்கும் அதே மஞ்சள் மாத்திரைதான்.

"என்ன மாத்திரையோக்கா, பாவி மாத்திரை" என்று பண்ருட்டி தாண்டும் வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாள். "காலையில எய்ந்தா வெரலு மடங்க மாட்டங்குது. முட்டி புடிச்சிக்கினு நிக்குது. சும்மா உக்காந்துகினு இருக்கறப்பவே குப்புனு வேத்து ஊத்துது. தொழுவ உக்காந்தா எய்ந்திருக்க முடியல, நாற்காலி போட்டுக்கினுதான் தொழுவறேன். உனக்கு எப்படிக்கா இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் இசக்கியம்மாள்.

"மூஞ்சப் பாத்தா அப்படித் தெரியலையே. தளதளன்னு இருக்கற."

இசக்கியம்மாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இவள் வலியைத் தாங்கிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள், நான் இவள் வலியைத் திருடிக்கொண்டு போய் டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்று நினைத்தாள். சொல்லவும் செய்தாள். விரல் மடங்கவில்லை, முட்டி பிடிக்கிறது, வேர்க்கிறது என்று ஷம்சாத் சொன்னதையே வரிசை மாறாமல் ஒப்பித்தாள். தேவயானி எழுதிக்கொண்டார். மார்பைத் தடவிப் பார்த்து, "தோல் அருமையா ஆறியிருக்கும்மா. இவ்ளோ சுத்தமா பாத்துக்கிறவங்க கம்மி" என்றார். அந்தப் பாராட்டு இசக்கியம்மாளுக்குச் சுட்டது.

ரவிக்கையைப் போட்டுக்கொண்டவள் எழுந்திருக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று மூன்று மாசமாக வைத்திருந்ததைக் கேட்டாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு இதே நோவுதாம்மா. அவ மாத்திரை போட மாட்டேங்கா. போடலன்னா அவளுக்கு எத்தன மாசத்துல... ரெண்டு வருசத்துக்குள்ள போயிருவாளா?"

டாக்டர் பேனாவை வைத்தார்.

"அப்படிக் கணக்குச் சொல்ல முடியாதும்மா. சிலருக்கு ரெண்டு வருஷத்துல திரும்ப வரும். சிலருக்கு வராமலே போகும். இந்த ஜாதிக் கட்டி பெரும்பாலும் அஞ்சு வருஷம், எட்டு வருஷம்னு பதுங்கி இருந்து வரும். வந்தா எலும்புல வரும். வந்த உடனேயும் உயிர் போகாது. இடுப்பெலும்பு, முதுகெலும்புன்னு அரிச்சு, வருஷக்கணக்குல படுக்கையில போட்டுடும். கூட இருக்கிறவங்க பாடு சொல்லவே வேணாம். அந்த ஆபீஸ் அம்மாகிட்ட சொல்லுங்க, இன்னைக்கே ஆரம்பிக்கட்டும். மூணு மாசம் விட்டுட்டாலும் பரவாயில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஷம்சாத் இவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இசக்கியம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருஷம் ஐந்து மாசம். அதற்குள் சாவு வராது. அது வருகிறபோது ஃபைல் இருக்காது, குவார்ட்டர்ஸ் இருக்காது. ஒற்றை அறையில் அவள் எலும்பு அரித்துக் கிடப்பாள், கான்ட்ராக்ட் ஷிஃப்ட் முடித்து வந்து மகன் பீத்துணி அலசுவான். மகனுக்கு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தவள், தன்னையே அவன் தலையில் கட்டிவைக்க இருந்தாள். சாவதற்குக்கூட அவளிடம் சர்வீஸ் போதவில்லை. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வடலூர் வரை அழுதாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தரை. செங்குட்டுவன் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து, கரித்தூள் படிந்த சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"நல்லா ஆறியிருக்காம்."

காலையில் போட வேண்டியதாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எய்யா, ஒரு தம்ளர் தண்ணி எடுத்துட்டு வா."

செங்குட்டுவன் எழுந்தான். அவள் கையையும் முகத்தையும் பார்த்தான். "இன்னைக்கு நெஜமாவே போடப் போறியா?" என்றான்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. இசக்கியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எப்பருந்து தெரியும்?"

"நாலாவது நாள்."

"எப்படி?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பூட்ஸ் கழுவினேன். சாக்கடைக் கம்பியில மாத்திரை மாட்டிக்கினு இருந்துச்சு. உன்னக் கேக்கணும்னுதாம்மா குனிஞ்சு எடுக்கப் போனேன். எடுக்கல. பூட்ஸாலயே உள்ள தள்ளி விட்டுட்டேன்."

செங்குட்டுவன் தலையைத் தூக்காமலே பேசினான். "தினம் காலையில கேக்கணும்னு நெனப்பேன். சாயங்காலம் கேக்கலாம்னு விட்டுடுவேன். எனக்கே தெரியலம்மா நான் ஏன் கேக்கலன்னு."

அவளுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் டெத் கேஸ் ஃபைல் தூக்கியவளுக்குத் தெரியாதா? மூன்று மாசமாகத் தான் யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்ததை, எதிரில் நின்று அவன் கை நீட்டி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். கொடுக்கும்போது வலிக்காதது, அவன் வாங்கினான் என்று தெரிந்ததும் வலித்தது. அவன்மேல் ஆத்திரப்பட அவளுக்கு வாயில்லை. அவனை அதற்கு ஆசைப்பட வைத்தது அவள்தானே.

"தண்ணி கேட்டேனே" என்றாள்.

அவன் கொண்டுவந்து கொடுத்தான். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தாள். பிறகு, இனிமேல் இவன் நம்ப வேண்டுமே என்று தோன்றியதோ, இவனை நம்பவைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்று தோன்றியதோ, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள்.

"வேணாம்மா" என்றான் அவன். "மூடும்மா."

அவள் மூடவில்லை. அவன் பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.