றேணுகா போட்ட சீட்டு

வத்தேகமக் கோயிலில் செவ்வாய்தோறும் அந்தோனியார் நவநாள் செபம். வேண்டுதலைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் இட்டால், கோயில் பணியாளர் வின்சன்ட் அதை மைக்கில் வாசிப்பார். "என் தம்பி மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீள வேண்டும்" என்று எழுதிப் போட்ட பிறகுதான் றேணுகாவுக்கு அது உறைத்தது. கோயில் அறிவித்தல் பலகையை வாராவாரம் எழுதுபவளே அவள்தான். அவளுடைய கையெழுத்து வின்சன்டுக்குத் தெரியாதா?

லொறியிலிருந்து விழுந்த தம்பி ஜொனிக்கு முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரை அது. முதுகு ஆறியது, மாத்திரை அவனை விடவில்லை. நேற்றிலிருந்து அவனை அறையில் பூட்டி வைத்திருந்தாள். வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தான்.

பரீட்சை, வீசா, பிள்ளை வரம் என்று சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவளுடையது மட்டும் வரவில்லை.

பூசை முடிந்ததும் வின்சன்ட் வாசலில் மறித்தார்.

"வாசிக்கல, பயப்படாத. தம்பி எங்க?"

"ரூமுல பூட்டியிருக்கேன் அங்கிள். விட்டா வாங்கப் போயிருவான்."

"என்னையும் இப்பிடித்தான் பூட்டுனாங்க. ஜன்னல ஒடச்சிட்டு ஓடுனேன்."

"நீங்களா?"

"நானேதான். இது திமிரு இல்ல புள்ள, வருத்தம், நோய். கண்டி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல மருந்து குடுத்துப் பாப்பாங்க. அந்தோனியாரு என்னய அங்கதான் அனுப்புனாரு. மொதல்ல போய்க் கதவத் தெற. காலைல பஸ்ஸுல நானும் வாறேன்."

காலையில் ஜொனி போர்வையோடு பஸ் தரிப்பில் நடுங்கினான்.

"அவரு வரமாட்டாரு அக்கா. வீட்டுக்குப் போவோம்."

கண்டி பஸ் வந்து நின்றது. ஜன்னலில் வின்சன்டின் தலை தெரிந்தது.

"டேய் ஜொனி, சீட்டு புடிச்சிருக்கேன், ஏறு!"

தம்பியின் கையை றேணுகா இழுக்கவில்லை. அவனாகவே படியில் கால் வைத்தான்.