அஞ்சலீனா சொன்ன கெட்டவளின் கதை

விளக்கு அணைந்ததும் அஞ்சலீனா இடப்பக்கமாகச் சாய்ந்துகொள்வார். அந்தப் பக்கத்து இருக்கையில் அவருடைய தோழி நல்லம்மா இருப்பார். திரையில் பழைய ஹாலிவுட் ஆட்கள் படபடவென்று ஆங்கிலம் பேசத் தொடங்கியதும், அஞ்சலீனாவின் வாய் நல்லம்மாவின் காதுக்குப் போய்விடும். "இவன் பாங்க் மனேச்சர். வீட்டிலை மனிசி இருக்கிறா. உவளைக் கண்டவுடனை மனிசியை மறந்திட்டான், பேயன்." முன்வரிசையில் யாராவது திரும்பி 'ஷ்ஷ்' என்பார்கள். "பர்தோன், பர்தோன்" என்று பிரெஞ்சில் குழைந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னும் தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்குவார்.

மொன்றியல் நகரத்தின் நடுவே, பழைய படங்களை மட்டும் போடுகிற சின்னத் திரையரங்கு அது. புதன்கிழமை அஞ்சலீனாவுக்கு வேலை இல்லாத நாள். நல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸும் மெத்ரோவும் மாறி வந்துவிடுவார். நல்லம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பிரெஞ்சும் 'போன்ஷூர்' 'மெர்சி'க்கு மேல் போகாது. "பின்னை என்னத்துக்கு வாறியள்?" என்று, சில புதன்களில் அவர்களோடு போகிற நான் ஒருநாள் கேட்டேன். "படம் பாக்கவோ வாறன்? அஞ்சலீனாக்கா கதைக்கிறதைக் கேக்க வாறன்" என்றார்.

மன்னாரில் பிறந்து, கொழும்பில் ஒரு கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்து, கணவரோடு இங்கே வந்தவர் அஞ்சலீனா. கணவர் இறந்து நெடுநாளாகிவிட்டது. மகன் டனிஸ்ரன் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் குடும்பத்தோடு இருக்கிறார். இவர் கார்ட்டியர்வில்லில் ஒரு உலர்சலவைக் கடையில் முன் கவுண்டரில் நிற்கிறார். உயரமான ஆள். நரையை மறைப்பதில்லை. ஆனால் உதட்டுச்சாயம் பூசாமல் கடைக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. கோட்டைக் கையில் வாங்கியதும் கொலரை ஒருமுறை தடவுவார். "பூனை வளக்கிறாள்", "உவர் சிகரெட்டை விட்டிட்டனெண்டு மனிசிக்குப் பொய் சொல்லுறார்" என்று, ஆள் கதவைத் தாண்டியதும், அந்தக் கடையின் வாடிக்கைக்காரியான எனக்குச் சொல்வார். ஆளிடம் "ஜுதி, மதாம், ஜுதி" மட்டும்தான். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அவருக்கு மிகவும் பிடித்த படத்தின் நாயகிக்கும் கோட்டோடுதான் வேலை. பெரிய ஹோட்டலின் வாசலில் நின்று பணக்காரர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைக்கிற பெண். கோட்டின் உள்துணியைத் தொட்டுப் பார்த்தே யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். முதலில் வங்கிக்காரனை மயக்குவாள். அவன் தளர்ந்ததும் அவனுடைய அண்ணன். அண்ணனிடமிருந்து தப்ப, அவர்களுடைய வழக்கறிஞர். முப்பதுகளின் தொடக்கத்தில், தணிக்கை இறுகுவதற்கு முன்பு, ஹாலிவுட் இப்படிச் சில துணிச்சலான படங்களை எடுத்திருக்கிறது. அஞ்சலீனாவிடம் அதன் டிவிடி இருந்தது. "நல்லவளெண்டு நான் சொல்லேல்லை. கெட்டவள்தான். ஆனா என்ன கெட்டித்தனம் பாருங்கோ" என்பார், சொந்த மருமகளைச் சொல்வதுபோல.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதத்தில் அந்தப் படம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்துக்குப் போனது.

தமிழ்க் கத்தோலிக்க மாதர் சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு ஒன்றுகூடல் வைக்கும். பிங்கோ, றோல்ஸ், தேநீர், பிறகு ஒரு புனிதரைப் பற்றிய படம். அதே புனிதரைப் பல வருடம் பார்த்துச் சலித்துப் போனதால், சங்கத் தலைவி கத்தரின் ரீச்சர் அஞ்சலீனாவிடம் சொன்னார்: "நீர்தானே படம் பாக்கிறனீர். பழைய படமா ஒண்டு கொண்டு வாரும். பழசெண்டா மரியாதையான படமா இருக்கும்." கத்தரின் ரீச்சர் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஞாயிறு பூசையில் யார் வேதாகம வாசகம் வாசிப்பது என்று தீர்மானிப்பவரும் அவரே. முதலாம் வாசகம் பெரும்பாலும் அஞ்சலீனாவுக்குத்தான். அந்தக் குரல் கோயிலின் கடைசி இருக்கை வாங்கு வரைக்கும் ஒலிவாங்கி இல்லாமலே போகும்.

அன்று டிவிடியின் அட்டைப் படத்தைப் பார்த்த பிறகுதான் ரீச்சருக்கு விளங்கியது. அதில் மடியில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் சிரித்தார். ரீச்சர் அஞ்சலீனாவைத் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் இழுத்துப்போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது.

"இது எப்பிடி முடிஞ்சாலும், அவள் மனந்திரும்பி அழுதவளெண்டு தமிழிலை சொல்லிவிடும். ஆருக்கு விளங்கப் போகுது?"

"பாப்பம் ரீச்சர்" என்றார் அஞ்சலீனா.

ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்றார். வங்கிக்காரனுக்கு ஒரு குரல், அவனுடைய மனைவிக்கு ஒரு குரல், நாயகிக்குத் தேன் தடவிய ஒரு குரல். "ஐயோ சேர், உங்கடை கோட்டு எவ்வளவு பாரமாக் கிடக்கு, தோள் நோகேல்லையே?" என்று அவர் இழுத்தபோது, முன்வரிசைப் பெண்கள் றோல்ஸைக் கடிக்க மறந்து இருந்தார்கள். வங்கிக்காரனின் மனைவி தனியே உட்கார்ந்து மோதிரத்தைக் கழற்றும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, "பாவம், இவவுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. தானாக் கண்டுபிடிச்சிட்டா" என்றார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு வழக்கறிஞரின் அறை. நாயகி உள்ளே போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. கமரா கதவுக்கு வெளியிலேயே நிற்கிறது. உள்ளே ஒரு சிரிப்பு, சாவி திரும்பும் சத்தம். மண்டபம் அஞ்சலீனாவைப் பார்த்தது.

"கதவு பூட்டிக் கிடக்கு" என்றார் அவர். "நாங்களும் மரியாதையா வெளியிலை நிப்பம்."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. கத்தரின் ரீச்சர் எழுந்தார். "காணும். நிப்பாட்டுங்கோ. இது கோயில் மண்டபம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் நிறுத்தப் போகவில்லை. "இருங்கோ ரீச்சர், அவளுக்கு என்ன நடக்குதெண்டு பாத்திட்டுப் போவம்" என்று நல்லம்மா கெஞ்சுவதுபோலச் சொன்னார். ரீச்சர் கோட்டை மாட்டினார், பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினார், பனிக்குள் இறங்கிப் போனார்.

கடைசிக் காட்சியில் ஒரு கப்பல். ஏமாந்த ஆண்கள் துறைமுகத்தில் நிற்கிறார்கள். மேல்தளத்தில் நாயகி தன் ரோமக் கோட்டைக் கழற்றிப் பணியாளனிடம் நீட்டிவிட்டு, கப்டனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்வரிசையிலிருந்த எனக்கு அஞ்சலீனாவின் உதடு அசைந்து நின்றது தெரிந்தது.

"கோட்டைக் கழட்டிக் குடுக்கிறாள். சிரிக்கிறாள். கப்பல் வெளிக்கிட்டிட்டுது" என்றார். "அவ்வளவுதான்."

"தண்டனை?" என்று ஒரு குரல்.

"படத்திலை இல்லை, அம்மா."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோருமே.

அடுத்த ஞாயிறு முதலாம் வாசகத்துக்கு வேறொருவர் எழுந்து போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தவக்காலம் முழுவதும் அஞ்சலீனா வாங்கில் உட்கார்ந்து கேட்டார். நோகவில்லை என்று அவர் சொல்லவில்லை. "வீட்டிலை குசினிக்குள்ளை நிண்டு வாசிக்கிறனான். கறிச்சட்டி நல்லாக் கேக்குது" என்றார். ரீச்சர் சொன்னபடி ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்காதே என்று கேட்டேன்.

"யோசிச்சனான் பிள்ளை. வாய் வரைக்கும் வந்தது. ஆனா அவள் திரையிலை சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் பக்கத்திலை நிண்டு, அவள் அழுகிறாளெண்டு என்னெண்டு சொல்லுறது?"

மாதர் சங்கப் பெண்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வரத் தொடங்கினார்கள். ஒருவர் சுத்தமான மேசைவிரிப்பையே சலவைக்குக் கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: அடுத்த படம் எப்போது?

பாஸ்குப் பெருநாள் முடிந்து வெயில் வந்தது. குளிர்கோட்டுகள் எல்லாம் சலவைக்கு வருகிற காலம். என் கோட்டை எடுக்கப் போன ஒரு பின்னேரம், கத்தரின் ரீச்சர் கறுப்புக் கம்பளிக் கோட்டோடு உள்ளே வந்தார். அஞ்சலீனா வாங்கினார். கொலரைத் தடவவில்லை. ரசீதுத் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். "வியாழக்கிழமை, ரீச்சர்."

"வாற ஞாயிறு முதலாம் வாசகம் நீர் வாசியும்" என்றார் ரீச்சர். "மற்றப் பிள்ளை வாசிக்கிறது ஒருத்தருக்கும் விளங்குதில்லை."

"ஓம் ரீச்சர்." அஞ்சலீனாவின் முகம் மலர்ந்துவிட்டது. மறைக்க முயலவுமில்லை.

ரீச்சர் போகவில்லை. துண்டை மடித்தார், விரித்தார், கைப்பைக்குள் வைத்தார். தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளைப் பார்த்தபடி கேட்டார்:

"அண்டைக்கு நான் வெளிக்கிட்ட பிறகு... அந்த லோயர் அவளைக் கலியாணம் முடிச்சவனோ?"

அஞ்சலீனா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தார். வாசல் கதவில் தொங்கிய பலகையைக் கடை பூட்டியிருக்கிறது என்ற பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கி வந்து ரீச்சருக்கு முன்னால் வைத்து, அதன் தூசியைக் கையால் தட்டிவிட்டார்.