டேங்குல கீறல் விழக்கூடாதுங்க

பைக்கின் பெட்ரோல் டேங்குக்குக் கண்ணாடி பிலிம் ஒட்டுவது என் தொழில். அதாவது, இன்னும் விழாத கீறலுக்காக இப்போதே தூக்கம் கெடுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

ராசிபுரத்தில் ஆத்தூர் ரோட்டில் கடை. சீட் கவர், டேங்க் கவர், ஹெல்மெட், ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் வருவது பிலிமுக்கு. அதைப் பிலிம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அடையாள அட்டைக்குப் போடுவதுபோல "லேமினேஷன்" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வெளி மாநிலத்தில் இருப்பதால் கடை என் பொறுப்பு. உள்ளே வருகிறவர் முதலில் என்னைப் பார்ப்பார். பிறகு எனக்குப் பின்னால் ஆம்பளை யாராவது இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார். அப்புறம் வேறு வழியில்லாமல் வண்டியைக் காட்டுவார்.

புது வண்டியில் முதல் கீறலைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரா நீங்கள்? அப்படியென்றால் இதில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு, கொஞ்சம் மெதுவாக.

என்ன கலருங்க?

திருச்செங்கோடு பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஹெல்மெட் வாங்க வந்தார். வண்டிக்குப் பொருத்தமான நிறத்தில் வேண்டும் என்றார். "வண்டி என்ன கலருங்க?" என்று கேட்டேன். யோசித்தார். மற்ற பாகமெல்லாம் கறுப்பு. டேங்க் மட்டும்தான் கலர். அந்த டேங்கின் மேல் ரெக்சின் கவர், அதற்கு மேல் மகள் தைத்துக் கொடுத்த துணி உறை, அதற்கும் மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு. ஷோரூமிலிருந்து வண்டி வந்த மறுநாளே மூடிவிட்டாராம். "நீலமா இருக்கோணும்" என்றார், அதுவும் சந்தேகமாக.

திறந்து பார்த்துவிடலாம் என்றேன். மனசே இல்லாமல் சம்மதித்தார். துண்டு வந்தது, உறை வந்தது, கவரின் வாரை அவிழ்த்தேன். நீலம்தான். ஆனால் கவருக்குள் புகுந்த பண்ணைத் தூசி, வண்டி குலுங்கிய குலுக்கலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வேலை பார்த்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. மூடாமல் வெயிலில் நிற்கிற வண்டியில்கூட அவ்வளவு கீறல் நான் பார்த்ததில்லை. கவர் வேண்டாம், போட்டே ஆகணும் என்றால் அடிக்கடி கழற்றித் துடையுங்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அப்படின்னா கவருக்கும் டேங்குக்கும் நடுவால போடறதுக்கு ஒரு கவர் இருந்தாக் குடுங்க அம்மிணி."

வளையல்

புதுசாகக் கல்யாணமான ஜோடி. மாப்பிள்ளைக்கு விசைத்தறி வேலை. டேங்கின் பின் முனையை விரலால் தொட்டுக்காட்டி, "இந்த எடத்துல மட்டும் ரெண்டு அடுக்கா ஒட்டுங்கக்கா" என்றார். எதற்கு என்று கேட்டேன். மனைவி பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடிக்கும்போது வளையல் அங்கே உரசுகிறதாம். அதனால் எங்கே கிளம்பினாலும் வண்டியில் ஏறுவதற்கு முன் வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடாம். அன்றைக்கும் அந்தப் பெண் வெறுங்கையோடுதான் நின்றாள்.

போன முகூர்த்தத்தில் மண்டபத்து வாசலிலேயே யாரோ ஒரு சொந்தக்காரம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, அடமானத்துல இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். அதையும் மாப்பிள்ளையே சிரித்துக்கொண்டு சொன்னார். "நீங்களே சொல்லுங்கக்கா, வளையல எப்ப வேணாலும் மாட்டிக்கலாம், கம்பெனி பெயிண்ட் போனா வருமா?" என்று என்னை நியாயம் கேட்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அதுவரை சுவரில் தொங்கிய ஸ்டிக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்:

"வண்டியும் எங்கப்பா வாங்கிக் குடுத்ததுதானுங்க, வளையலும் எங்கப்பா போட்டதுதானுங்க. கழட்டோணும்னா ரெண்டையும் சேத்துக் கழட்டிரலாம்."

பங்க்கில் ஒரு நாள்

பெட்ரோல் பங்க்கில் என் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரை எனக்குத் தெரியும். பிலிம் ஒட்டினால் பளபளப்பு குறைந்துவிடும் என்று என் கடையிலிருந்து எழுந்து போனவர். பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். நடுவில் வட்டமாக ஓட்டை. அதை டேங்க் வாயைச் சுற்றி விரித்து, சுருக்கமெல்லாம் நீவி எடுத்தார். பிறகு பெட்ரோல் போடுகிற பெண்ணுக்கு வகுப்பு ஆரம்பித்தது: குழாய் முனை டேங்கில் படக்கூடாது, சொட்டு சிந்தக்கூடாது, எடுக்கும்போது உதறக்கூடாது. பின்னால் வரிசை ஹாரன் அடித்தது. அந்தப் பெண் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி மெதுவாகப் போட்டு முடித்தாள்.

அவர் துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மூடியை அழுத்திச் சாவியைத் திருப்பினார். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றோடும் பழனியில் வாங்கிய பித்தளை வேல் ஒன்றும் தொங்கியது. அது டேங்கின் மேல் கர்ரென்று ஒரு அரைவட்டம் போட்டது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அந்தப் பெண்ணை முறைத்தார். குழாயை மாட்டிவிட்டு அவள் சொன்னாள்:

"நான் இல்லீங்ணா. முருகனுங்க."

அழிக்க வேண்டாம்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருக்கும் இளைஞன் அவன். பெரிய சிவப்பு வண்டி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. டேங்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஆணியால் இழுத்த கோடு. தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. ஊருக்குள் டீக்கடை முன்னால் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் நடந்திருக்கிறது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த நேரம் பார்த்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்களாம். அவன் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தெரு அது. இவன் இறங்காமல் போகிறான், அதுவும் பெரிய வண்டியில். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"போலீஸ்ல சொல்லலையா?" என்றேன். "ஆரு பாத்தீங்கன்னு கேப்பாங்க. ஆருமே பாக்கலையேக்கா" என்றான். பிலிம் மயிரிழைக் கோட்டைத்தான் தடுக்கும், ஆணியைத் தடுக்காது. நீயே பெயிண்டர், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் தெரியாது என்றேன். தலையாட்டினான். ஆனால் அடிக்க வரவில்லை அவன். கோடு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும், அழியவும் கூடாது, அப்படியே வைத்து மேலே ஒட்ட வேண்டும் என்றான்.

அந்தத் தெருவிலிருந்தும் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். வண்டியில் நகக்கீறல் விழுந்தாலும் எழவு வீட்டு முகத்தோடு வந்து நிற்பார்கள். அவர்கள் விரலால் தடவிக் காட்டும்போது, ஆணி பிடித்த கை இதில் எது என்று இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் அழுத்தி, பள்ளத்தில் காற்று நிற்காமல் சூடு காட்டி ஒட்டினேன். பிலிமின் பளபளப்புக்கு அடியில் அந்தக் கோடு முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. எனக்கே சங்கடமாக இருந்தது. அவன் வெயிலில் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இப்பத்தான் நல்லாத் தெரியுதுக்கா. தெனமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன், போட்டவங்க பாக்கட்டும்."

டேங்க் மட்டும்

ஜவ்வரிசி மில்லில் மேஸ்திரியாக இருப்பவர் ஒருவர். தீபாவளிக்குத் தீபாவளி பழைய பிலிமை உரித்துவிட்டுப் புதிது ஒட்டிக்கொள்வார். வண்டியை ஆத்தூரில் கொண்டுபோய் விற்பது என்று முடிவானதும், "டேங்குல ஒரு கீறல் கெடையாதுன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க" என்று என்னையும் கூப்பிட்டார். எனக்கும் ஆத்தூரில் சரக்கு எடுக்க வேண்டியிருந்ததால் போனேன்.

பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் உள்ளங்கையால் டேங்கைத் தடவிப் பார்த்தார். "அருமையா வச்சிருக்கீங்க சார்" என்றார். மேஸ்திரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து புரோக்கர் வண்டியை உதைத்தார். மில்லில் கிழங்கு அரைக்கிற சத்தம் வந்தது, பின்னாலேயே நீலப் புகை. ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், எனக்குத் தெரியும் என்பது போல. செயின் துரு, டயர் வழுக்கை. புரோக்கர் கையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சின் செத்துப்போச்சு சார், டேங்க மட்டும் கழட்டிக் குடுங்க, எடுத்துக்கறேன்" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்த மேஸ்திரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பாத்தீங்களா அம்மிணி, ஆத்தூர்க்காரனே டேங்கு மேல ஆசப்பட்டுட்டான்."

வண்டி வாங்குகிறவர்கள் அதை ஓட்டுவதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தால், திறந்த வேகத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.