ஓனாவாக மாறாத எக்ஸ்

கல்முனைக்குடியில் கணித வினாத்தாள்களைக் கணினியில் எழுதிக் கொடுப்போர் மூவரோ நால்வரோ இருந்தனர். அவர்களுள் ஸம்ஸியாவுக்கு மட்டுமே ஒரு பட்டப்பெயர் வாய்த்திருந்தது: ஓனா ராத்தா, அதாவது ஓனா அக்கா. அவர் செய்யாத பிழைக்காக ஊர் சூட்டிய பெயர் அது.

தனியார் கல்வி நிலையமொன்றின் மாதிரிப் பரீட்சைக்காக உயர்தர வகுப்பின் இணைந்த கணிதத் தாளொன்றை அவர் எழுதிக் கொடுத்தார். தமிழ் வரிகள் பாமினி எழுத்துருவில், சமன்பாடுகள் ஆங்கில எழுத்துருவில். பாமினியின் இயல்பு இப்பகுதியில் தட்டச்சுப் பழகிய எவருக்கும் தெரியும். அதில் ஆங்கில எழுத்துகளே தமிழ் வேடம் பூண்டு நிற்கும்: x என்பது ஓனா எனப்படும் ஒ, y என்பது ல, m என்பது அ, c என்பது உ. அச்சகத்தில் யாரோ ஒருவர், பக்கம் ஒரே சீராக இருக்கட்டுமென்று முழுவதையும் பாமினிக்கு மாற்றிவிட்டார். y = mx + c என்ற நேர்கோடு ல = அஒ + உ என்று அச்சேறி, நானூறு பிள்ளைகளின் கைக்குப் போயிற்று. பரீட்சை மண்டபத்திலேயே அதைப் பாட்டாகப் படித்தார்கள்: "லானா சமன் ஆனாவோனா சக ஊனா!"

தாளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அப்துல் ஹமீட் சேர். அவரே பார்த்துக் கையொப்பமிட்ட சரியான பிரதி, திகதியோடு ஸம்ஸியாவின் கோப்பில் இருந்தது. அதை உறையிலிட்டு எடுத்துக்கொண்டு போனார். சேர் உறையைப் பிரிக்கவும் இல்லை.

"எக்ஸுக்கும் ஓனாக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கிட்ட கணக்கக் குடுத்தது எங்கட பிழை" என்றார், பத்துப் பேர் கேட்க.

அதற்குப் பிறகு ஈராண்டுகள் ஒரு கணிதத் தாள்கூட அவர் வீட்டுப் படியேறவில்லை. கலியாணக் கடிதங்களும் மரண அறிவித்தல்களுமே வந்தன.

"உல வாய மூடலாம், ஊர் வாய மூடேலுமா? விடுகா" என்றார் கணவர் றிப்தி. சந்தையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"ஊர் வாய் என்னத்தயும் கதைக்கட்டும். எக்ஸ் ஓனாவாகாத ஒரு சொப்ட்வெயார்தான் எனக்கு வேணும்."

சொன்னவர் ஒரு கொப்பியில் கட்டங்கள் கீறினார். மூன்று மென்பொருள்கள், மூன்றிலும் மானம் போன அதே பக்கம். ஒவ்வொன்றையும் பென்ட்ரைவில் ஏற்றிச் சென்று, பிரதான வீதியில் ஐந்து கடைகளின் கணினிகளில் திறந்து பார்த்துக் குறித்தார். எல்லோரும் கடிதம் எழுதும் மென்பொருள் வீட்டில் ஒழுங்காக நடந்தது. கடையொன்றின் பழைய கணினியிலோ பின்னத்தின் கோடு எண்களின் தலையில் ஏறி உட்கார்ந்தது. அச்சகங்கள் பக்கம் சோடிக்கும் மென்பொருளில் தொகையீட்டுக் குறிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு வினா கூடினால் பின்னால் வரும் இலக்கங்கள் அனைத்தையும் கையால் திருத்தவும் வேண்டும்.

மூன்றாவது, லேடெக். அதில் எழுதும்போது பக்கம் கண்ணுக்குத் தெரியாது. பின்னம் வேண்டுமா, கட்டளை எழுத வேண்டும். பக்கத்தை அது தானே கட்டித் தரும். கலைப்பிரிவில் உயர்தரம் படித்த ஸம்ஸியாவுக்கு அதைக் கற்பிக்க ஊரில் ஆளில்லை. தமிழெழுத்துகள் பதினொரு நாட்கள் வெற்றுக் கட்டங்களாகவே வந்தன. திரையில் தோன்றிய பிழைச் செய்திகளை ஒன்றுவிடாமல் அச்செடுத்து, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி, இலக்கமிட்டு வைத்தார். நூற்று நாற்பதைத் தாண்டியபோது செய்திகள் அவரை மிரட்டுவதை நிறுத்தியிருந்தன.

பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கனகரெத்தினம், முந்நூறு பக்க இணைந்த கணித நூலொன்றை எழுதிக்கொண்டிருந்தார். ஸம்ஸியா லேடெக் பழகிய செய்தி காதில் விழ, அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"ஒண்டு சொல்லிப்போடுறன் தங்கச்சி. ஹமீட் சேரும் நானும் சேர்ந்துதான் எழுதுறம். அவர் ஓம் எண்டாத்தான் வேலை உங்களுக்கு."

சனிக்கிழமை காலை, மடிக்கணினியோடு ஸம்ஸியா கனகரெத்தினம் வீட்டில் போய் இறங்கினார். ஹமீட் சேர் முன்னரே வந்திருந்தார்.

"ஆ, ஓனாப் புள்ளயா?"

ஸம்ஸியா கோப்பைத் திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பினார். "அண்டைக்கு அச்சகத்தில செஞ்சத இண்டைக்கு நீங்களே செய்ங்க சேர். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பாமினியக் குடுங்க."

சேர் செய்தார். திரை முழுக்க லவும் அவும் ஒவும் முண்டியடித்தன.

"இந்தா! ஓனா மாப்புள்ள திரும்ப வந்திட்டார்!" என்று சேர் கைகொட்டினார். கனகரெத்தினம் தலை குனிந்துகொண்டார்.

"இப்ப சேவ் பண்ணிட்டு, இந்தப் பட்டன அமத்துங்க."

பத்து விநாடி சென்றது. பக்கம் வந்தது. நான்காம் வினாவில் y = mx + c, சாய்ந்த எழுத்தில், அசையாமல் நின்றது.

"இதில எழுத்துரு மூக்குக் கண்ணாடி மாதிரி சேர். கண்ணாடிய மாத்தினா எழுதினது மாறாது."

ஹமீட் சேர் வேறு வேறு எழுத்துருக்களைக் கொடுத்து, மேலும் மூன்று முறை அமத்திப் பார்த்தார்.

"போதும் ஹமீட், பட்டனுக்கு நோகப்போகுது" என்றார் கனகரெத்தினம்.

"அப்ப அண்டைக்கி..." என்று தொடங்கிய ஹமீட் சேர் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை ஸம்ஸியா முடித்துக் கொடுக்கவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முந்நூறு பக்கம். ஏலுமா?"

"ஏலும். வாயால சொல்ற திருத்தம் எடுக்கமாட்டன், எல்லாம் எழுத்தில வரணும். உள்பக்கத்தில என்ட பேரும் வரணும்."

கனகரெத்தினம் ஹமீட் சேரைப் பார்த்தார். "ஓம்" என்றார் ஹமீட் சேர்.

மூன்றாம் அத்தியாயம் ஹமீட் சேரின் கையெழுத்து. அதன் நடுவில் லேடெக் மறுத்து நின்றது: திறந்த அடைப்புக்குறியொன்று மூடப்படவில்லை. ஸம்ஸியா மூலப்பிரதியோடு ஒப்பிட்டார். அதிலும் மூடப்படவில்லை. எங்கே மூடுவது என்பதைப் பொறுத்து விடையே மாறும். தானாகத் திருத்தாமல் ஒரு துண்டில் எழுதி அனுப்பினார்: "பக்கம் 47, வரி 6. அடைப்பு எங்கே முடிகிறது?"

மறுநாள் துண்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் அடைப்பு மூடப்பட்டிருந்தது. அதன் கீழே, கேட்கப்படாத ஒரு வரி: "பிழை என்னுடையது." கையொப்பம், திகதி.

றிப்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இருமுறை வாசித்தார். "கடையில நல்ல சட்டம் ஒண்டு இரிக்கி. போட்டுத் தொங்கவிடுவமா?"

"வேணாம்" என்றார் ஸம்ஸியா, அடுத்த வரியை எழுதிக்கொண்டே. "அவர்ர அத்தியாயம் இன்னும் நாலு இரிக்கி."